மின்தடைக்கு அறிவிப்பு உண்டு, சர்வருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் நான் முதலில் பார்ப்பது 'நாளைய மின்தடை' பகுதியைத்தான். ஓர் உர வியாபாரியின் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக் கடைகளில் உள்ள சர்வர்களை, அதாவது பில் கணக்கு ஓடும் மையக் கணினிகளை, கூடல்நகரில் என் வீட்டிலிருந்தே பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். உசிலம்பட்டியில் 9 மணிக்குக் கரண்ட் நிற்கும் என்று போட்டிருந்தால், 8.45-க்கே அங்குள்ள சர்வரை முறையாக நிறுத்திவிடுவேன். யூ.பி.எஸ். பேட்டரி தீர்ந்து பட்டென்று அணைந்தால் பில் கணக்கு கெட்டுப்போகலாம்.

போன வாரம் ஒரு சான்றிதழுக்காக அரசு அலுவலகம் ஒன்றில் வரிசையில் நின்றேன். காலை பதினொன்றரைக்கு "சர்வர் டவுன்" என்றார்கள். கவுன்டரில் இருந்தவர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, "ஏதோ செட்டிங் மாத்தினாங்களாம், ரீஸ்டார்ட் ஆகுது" என்றார். எனக்கு முன்னால் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். "இதுக்கு நேத்தே சொல்லியிருந்தா நாளைக்கு வந்திருப்பேனே" என்று என்னிடம் கேட்டார். கோளாறு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது திட்டமிட்டுச் செய்த வேலை. அதை வேலை நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் செய்வது சரியில்லை.

தூரத்திலிருந்து சர்வரைத் தொடுவதில் உள்ள ஆபத்து எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஆறு வருடம் முன்பு ஒரு ராத்திரி, உசிலம்பட்டி சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் கட்டளையில் 'ஆர்' என்ற எழுத்துக்குப் பதில் 'எச்' அடித்துவிட்டேன். 'ஆர்' என்றால் அணைந்து தானே எழுந்திருக்கும். 'எச்' என்றால் அணைந்தது அணைந்ததுதான். அந்த மெஷினில் தூரத்திலிருந்து பவர் போடும் வசதி கிடையாது. கடைச் சாவி முதலாளியிடம் இருந்தது. விடிந்ததும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய், ஷட்டரைத் திறக்கச் சொல்லி, என் விரலால் பட்டனை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தபோது, பில்லுக்காக எட்டு விவசாயிகள் வாசலில் காத்திருந்தார்கள்.

ஃபயர்வால் (யார் உள்ளே வரலாம் என்று வடிகட்டும் காவல்), ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் சர்வரின் விலாசம்) போன்றவற்றை மாற்றும்போது இன்னொரு ஆபத்து உண்டு. ஒரு வரி தப்பினால் நாம் உள்ளே போகும் வழியே அடைபட்டுவிடும். கிணறு தூர்வார இறங்குகிறவர் முதலில் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார் அல்லவா, அதுபோல ஒன்று செய்கிறேன். "இன்னும் 10 நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகு" என்று சர்வரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்புறம் மாற்றத்தைச் சேமிக்காமல் போட்டுப் பார்ப்பேன். தொடர்பு அறுந்தால், சர்வர் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரி என்றால் ரீஸ்டார்ட்டை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பேன். இதற்கும் முன்னால், எதையும் மாற்றாமல் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிடுவது நல்லது. மாதக்கணக்கில் அணையாமல் ஓடிய மெஷினில் பழைய கோளாறு ஒளிந்திருக்கும். அது தெரியாமல் புது மாற்றத்தின் மேல் பழி போட்டு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று, நம் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் நின்றதற்குக் காரணம், பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளைதான். சரிசெய்ய ஆட்கள் நேரிலேயே போக வேண்டியதாயிற்று.

அலுவலகங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. செட்டிங் மாற்றும் வேலையைக் கவுன்டர் மூடியபின் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளே வாசலில் ஒரு தாளில் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். ஆசிரியர் அவர்களே, அப்படி அவர்கள் தெரிவித்தால், மின்தடைப் பகுதிக்குக் கீழே இரண்டு வரி இடம் கொடுக்க முடியுமா? செல்போனில் பார்க்கத் தெரியாத அந்த வாடிப்பட்டி அம்மாவுக்கு டீக்கடைப் பேப்பரில் யாராவது படித்துச் சொல்வார்கள்.

வரும் செவ்வாய் இரவு 9.30-க்கு உசிலம்பட்டியில் எனக்கு இதே வேலை இருக்கிறது. கடை வாசலில் இன்றே எழுதி ஒட்டச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணி செய்யும் வாசகி,
கூடல்நகர், மதுரை.