ஃபோர்மேன் சொல்வதைக் கேள், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. லண்டன் ரோல்ஸ் பில்டிங் கோர்ட் வாசலில் நீ வக்கீலாக நிற்கும் போட்டோவைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டாள்.

தமிழ் பேசும் ஃபோர்மேன் ஒருவர் சாட்சி சொல்லப் போகிறார் என்றாய். வழக்கு விவரம் நீ சொல்லக் கூடாது, நானும் கேட்கவில்லை. ஆனால் சாட்சியின் வாக்குமூலம் முடிந்தவரை அவருடைய வார்த்தையில், அவருடைய மொழியிலேயே இருக்க வேண்டும் என்று உங்கள் கோர்ட்டில் விதி இருப்பதாகச் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முப்பது வருஷம் கட்டட சைட்டில் நின்ற என்னைப் போன்றவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

நம்ம ஆள் எப்படிச் சொல்வார்? “வியாழக்கிழமை சாயங்காலம் கம்பி வந்துச்சு சார். சனிக்கிழமை டிராயிங்கை மாத்திட்டாங்க. அடிச்ச சென்ட்ரிங்கைப் பிரிச்சோம், பதினாலு பேர் ரெண்டு நாள் சும்மா நின்னாங்க.” இதையே ஆபீஸில் இங்கிலீஷில் எழுதினால் ‘வரைபடம் தாமதமானதால் வேலை பாதிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. கிழமையும் போச்சு, ஆள் கணக்கும் போச்சு. வழக்கே அந்தக் கிழமையில்தான் இருக்கிறது. பல நாடுகளில் கட்டுமான வேலைக்குப் பயன்படும் மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகத்தில், பிரச்சினை தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் காண்ட்ராக்டருக்குக் கூடுதல் அவகாசமும் இல்லை, பணமும் இல்லை. சனிக்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்பதில் கோடிகள் தொங்கும்.

உங்கள் பிரிட்டனின் 1996 கட்டுமானச் சட்டத்திலும், தகராறை வேகமாகத் தீர்க்கும் அட்ஜுடிகேட்டர் முடிவு சொல்ல வழக்கமாக 28 நாள்தான். பலம் பார்க்க கான்கிரீட் கியூபை நாங்கள் உடைப்பதும் 28ஆம் நாள்தான். முதலில் பணத்தைக் கொடு, சண்டையை அப்புறம் போடு என்கிற அந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பில் தொகை வராமல் மனைவியின் நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்த சப்-காண்ட்ராக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கு முடிவதற்குள் அவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். பணம் கொடுக்காதவன் பக்கமும் நீ வாதாட வேண்டி வரும், உங்கள் கேப்-ரேங்க் விதிப்படி வந்த வழக்கை ஆளைப் பார்த்து மறுக்க முடியாது என்றாய். சரி, அதுவும் நியாயம்தான். எல்லோருக்கும் ஒரு வக்கீல் வேண்டும்.

பிரெஞ்சு நன்றாக வருகிறது, பாரிஸில் நடக்கும் ஐசிசி (சர்வதேச வர்த்தக சபை) நடுவர் மன்ற வழக்குகளுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு மிகவும் சந்தோஷம். ஆனால் எந்த மொழியாக இருந்தாலும், மொழிபெயர்ப்பாளர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சாட்சி சொல்வதைக் காது கொடுத்துக் கேள். ‘சும்மா நின்னாங்க’ என்பது விட்டுப்போனால் உடனே எழுந்து மரியாதையாக நீதிபதியிடமோ நடுவரிடமோ சொல். அங்கே அதைக் கவனிக்க உன்னைத் தவிர ஆள் இருக்க மாட்டார்கள்.

என் பழைய சைட் டைரிகளை இன்னும் வைத்திருக்கிறேன். மழை, ஆள் கணக்கு, வந்த சிமெண்ட் மூட்டை எல்லாம் தேதி வாரியாக இருக்கும். மேஸ்திரிகள் எதைக் கவனிக்கிறார்கள் என்று பழக உனக்கு உதவும். வேண்டுமென்றால் சொல், தம்பியை விட்டு ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா