கமலிக்கு, கமிட்டி மெம்பர் எழுதுவது

கமலி,

நீ கோபமா இருப்பேன்னு தெரியும். முழங்கால் பரவாயில்லை, அவர் சௌக்கியம், சின்னவள் வேலை மாறிட்டாள். விசாரிப்பு முடிஞ்சுது, விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஒரு கமிட்டியில் இருக்கேன். சிரிக்காதேடி. மூக்குத்தி மிஸ்ஸுக்கு மட்டும் சொல்லிடாதே.

இங்கே கிராமத்து ரோடுகளில் குளிர்காலத்தில் பனி தள்ளுறது ஒழுங்கா நடக்குதான்னு குடியிருக்கிறவங்களைக் கேட்கணும். உள்ளாட்சி அலுவலகம் ஏற்கெனவே ஆன்லைனில் ஒரு படிவம் போட்டிருந்தது. 'சேவையில் திருப்தியா? 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக.' கோபக்காரங்க 1 போட்டாங்க, மத்தவங்க 5. இதை வெச்சுக்கிட்டு எந்த வண்டியை எந்த ரோட்டுக்கு எத்தனை மணிக்கு அனுப்புறது? கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "அப்போ நீங்களே போய்க் கேட்டு வாங்களேன்"னு என் தலையில் கட்டிட்டாங்க. என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

வீடு வீடா போறேன். கதவு திறந்ததும் வர்ற முதல் புகார், டிரைவ்வே வாசல், அதாவது ரோட்டிலேர்ந்து வீட்டுக்குக் கார் திரும்புற இடம். "இப்பதான் முதுகு ஒடிய அள்ளினேன், வண்டி வந்து திரும்ப மதில் கட்டிட்டுப் போச்சு." வண்டியோட பிளேடு சாய்வா இருக்கு, பனியை ரோட்டோரமா ஒதுக்கிக்கிட்டே போகும், வாசல் வந்தா மட்டும் நிறுத்த முடியாது. நான் ஒரு வழி சொல்றேன்: வாசலுக்கு முன்னாடியே, வண்டி வர்ற பக்கம், ரோட்டோரத்தில் கொஞ்சம் இடத்தைக் காலி பண்ணி வைங்க, பாதிச் சுமை அங்கேயே விழுந்துடும். கருத்து கேட்கப் போனவள் பாடம் எடுத்துட்டு வர்றேன்னு இவர் கிண்டல் பண்றார்.

அடுத்தது உப்பு, பனியை உருக்க ரோட்டில் தூவுறது. எல்லாருக்கும் கறுப்பா தார் தெரியணும். மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனா சாதா உப்பு ரொம்ப மந்தமாயிடும், மணல்தான் பிடிமானம் தரும். சரளை ரோட்டில் உப்பே கூடாது. உறைஞ்ச மண் இளகி, பிளேடு கல்லையெல்லாம் வாரிப் பள்ளத்தில் தள்ளிடும். அங்கே அமுங்கின பனியை மெல்லிசா விட்டு வைக்கிறதுதான் முறை. இதை யாருமே ஜனங்களுக்குச் சொன்னதில்லை, அதனால அது சோம்பேறித்தனமா தெரியுது.

ஆனா அலுவலகத்து வரைபடத்தில் இல்லாததெல்லாம் இவங்க வாயில் இருக்குடி! எந்த வளைவில் ஸ்கூல் பஸ் வழுக்கும், எந்த வெட்டவெளியில் தள்ளி முடிச்ச அரை மணியிலேயே காத்து திரும்ப மூடிடும்னு ஒரு பெரியவர் கைத்தடியால் பனியிலேயே கோடு போட்டுக் காட்டினார். அங்கே பனித்தடுப்பு வேலி போடலாம், ஆனா ரோட்டை ஒட்டிப் போட்டா பனி ரோட்டு மேலேயே குவியும். வேலி உயரத்தைப் போல 35 மடங்கு தள்ளி, காத்து வர்ற பக்கம் நிக்கணும். அவருக்குக் கணக்கு தெரியாது, இடம் மட்டும் அச்சா தெரியுது.

சுவீடனில் கார்ல்ஸ்கூகான்னு ஒரு ஊர். யார் எப்போ எதில் போறாங்கன்னு பார்த்துட்டு, பெரிய ரோட்டுக்கு முன்னாடி நடைபாதையைத் தள்ள ஆரம்பிச்சாங்க. பனியில் விழுந்து அடிபடுறது பெரும்பாலும் நடந்து போறவங்கதானே. இங்கே நடைபாதை கிடையாது. ஆனா விடியறதுக்கு முன்னாடி கிளம்புற நர்ஸும் பால் வண்டிக்காரரும் உண்டு. ஆன்லைன் படிவத்தை அவங்க யாரும் பார்த்திருக்கவே இல்லை.

இப்போ நான் உனக்கு எழுத உட்கார்ந்த காரணம். ரோட்டுக் கடைசி வீட்டில் தனியா ஒரு அம்மா. "எனக்கு ஒரு குறையும் இல்லை, 5 போட்டுக்கோ"ன்னாங்க. எவ்வளவு நல்ல மனசுன்னு எழுதப் போனேன். அப்புறம் சாதாரணமா சொன்னாங்க: "பனி விழ ஆரம்பிச்சா நான் வெளியிலேயே போறதில்லை. டாக்டரை வசந்தத்துக்குத் தள்ளி வெச்சுடுவேன்." கமலி, அந்த 5ஐ நான் என்னன்னு கணக்கில் சேர்க்கட்டும்? அந்த மாதிரி இன்னும் எத்தனை 5 அந்தப் படிவத்தில் இருக்கோ. மத்த வீடுகளுக்கு அன்னிக்குப் போகவே தோணலை.

திருப்திக் கேள்வியை எடுத்துட்டேன். 'பனிக்காலத்தில் போக வேண்டியிருந்தும் போகாமல் விட்ட இடம் எது?'ன்னு புதுசா ஒண்ணு சேர்த்திருக்கேன். பனி தள்ளுற டிரைவர்களுக்கும் தனித் தாள் போட்டிருக்கேன். அவங்களை யாருமே கேட்கலை.

ரெண்டு தாளும் இதோட வெச்சிருக்கேன். உன் சிவப்பு மையை எடுத்துத் திருத்தி அனுப்பு. அடுத்த பெரிய பனிக்கு முன்னாடி அனுப்பு, கோடையில் கேட்டா எல்லாரும் நல்லாத்தான் இருக்குன்னுடுவாங்க.

உன்
வசு