மான்டன் துப்பாக்கியும் அதன் பெட்டியும்

இலண்டன்

அன்புள்ள கதிரேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும் நீ செய்த மாங்காய்ப் பூட்டின் படமும் கிடைத்தன. திண்டுக்கல்லில் நாற்பது ஆண்டுகளாகப் பூட்டுத் தொழில் செய்யும் நீ அருகில் இருந்திருக்கலாகாதா என்று என்னை ஏங்க வைத்த ஒரு பொருளைச் சென்ற ஞாயிறன்று பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பாட்டனார் வழியில் வந்த இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. மகோகனி மரப்பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் ஜோசப் மான்டன், டேவிஸ் தெரு என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கிறது. மான்டன் 1819-இல் ஹனோவர் சதுக்கத்துக்குக் கடையை மாற்றிவிட்டதால், இந்தத் தாள் அதற்கு முற்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தில் அவருக்கு நிகரான துப்பாக்கிக் கைவினைஞர் இல்லை என்றே சொல்லலாம். பிற்பாடு பெரும்புகழ் பெற்ற ஜேம்ஸ் பர்டியே அவரிடம் வேலை பார்த்தவர்தான். அத்தகையவர் 1826-இல் கடனில் மூழ்கி நொடித்துப் போனார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

துப்பாக்கியைச் சுட வைக்கும் பொறியையும் ஆங்கிலேயர் 'லாக்' என்றுதான் சொல்கிறார்கள். பெரியவர் திருகுகளைக் கழற்றி ஒரு பக்கத்துப் பொறியை என் கையில் வைத்தார். உள்ளங்கை அளவுத் தகட்டின் பின்னால் வளைந்த எஃகு வில், அது தள்ளும் துண்டு, அத்துண்டைப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கி என எல்லாமே அரத்தால் கையிலேயே இழைத்துப் பொருத்தப்பட்டவை. விரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தபோது எழுந்த ஓசை உன் பட்டறையை நினைவூட்டியது.

இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டை பின்பக்கம் உயர்ந்திருக்கிறது. பறவைக்குக் கீழே சுட்டுவிடும் வழக்கமான பிழையைத் திருத்துவதற்காக மான்டன் 1806-இல் உரிமம் பெற்ற அமைப்பு இது. குழல்களோ குதிரை லாட ஆணிகளின் இரும்பைக் காய்ச்சி, நாடாவாக அடித்து, கம்பியைச் சுற்றுவதுபோலச் சுற்றிப் பற்றவைத்துச் செய்தவை. சாய்த்துப் பிடித்தால் அந்தச் சுருள் வரிகள் பழுப்பு மேற்பரப்பில் தெளிவாகத் தெரிகின்றன.

ஆனால் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது பெட்டிதான். இத்துப்பாக்கி பிறந்தபோது சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பி வெடித்தது. வெளியே தெரிந்த அந்தத் தீயைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவதால்தான், ஸ்காட்லாந்தின் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத், தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807-இல் உரிமம் பெற்றார். பின்னர் அத்தகைய மருந்தை உள்ளே வைத்த சிறு செம்புத் தொப்பிகள் வந்ததும், பலரைப்போல இதன் உடைமையாளரும் பழைய பொறியைத் தொப்பிக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார். பெட்டியை மட்டும் மாற்றவில்லை. பச்சைக் கம்பளித்துணி ஒட்டிய அறைகளில் வெடிமருந்துக் குடுவைக்கும் திருப்புளிக்கும் உரிய இடங்கள் அப்படியே இருக்க, கற்கள் வைத்திருந்த சிற்றறையில் இப்போது செம்புத் தொப்பிகளின் தகரச் சிமிழ் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. துப்பாக்கியை மட்டும் பார்ப்பவருக்கு அது மாற்றப்பட்ட ஆயுதம் என்று மட்டுமே தெரியும். எந்தத் தெருவில் வாங்கியது, எப்படிப் பேணப்பட்டது என்பதைச் சொல்வது பெட்டி.

பழம்பொருள் வணிகர் ஒருவர் பெட்டியைத் தனியே விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்று மன்றாடினேன்; யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பெட்டியின் பித்தளைப் பூட்டுக்குச் சாவி தொலைந்துவிட்டது. உடைக்காமல் கழற்றி, உள்ளமைப்பைப் படமெடுத்து அளவுகளுடன் அனுப்பினால், உன்னால் ஒரு சாவி செய்து தர முடியுமா? பூட்டித் திறக்க வழி இருந்தால் அவர் பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். எந்தெந்த அளவுகள் வேண்டும் என்று விரைவில் எழுது.

அன்புடன்,
முருகேசன்