கடன் பாக்கி தெளிவாகத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கடன் வாங்கியோரில் பலர், கட்டிய தவணைகளை மொத்தக் கடனிலிருந்து கழித்தால் பாக்கி கிடைத்துவிடும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். 10 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,997 ரூபாய். முதல் மாதத்தில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது 1,497 ரூபாய் மட்டுமே. 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 5.40 லட்சம் கட்டிய பிறகும் அசல் பாக்கி சுமார் 8.87 லட்சமாக நிற்பது இதனால்தான்.

மாறும் வட்டிக் கடன்களில் இதுவரை வசூலான அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள் ஆகியவற்றைக் காலாண்டுதோறும் தெரிவிக்குமாறு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. வட்டி உயரும்போது தவணைத் தொகை மாறாமல் காலம் மட்டும் நீளக்கூடும் என்பதால், அந்த அறிக்கையில் அசல் பாக்கியையும் தனி வரியாக, தமிழிலேயே, வங்கிகள் அச்சிட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை