பெட்டியில் அனுப்ப முடியாத பழம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு விஷயம் கேட்டாய். "மரத்தில் இவ்வளவு காய்த்திருக்கிறதே, மினியாபொலிஸுக்கு ஒரு பெட்டி அனுப்பக் கூடாதா அப்பா?" என்றாய். "அதோடு நம் வீட்டுக் கறிவேப்பிலையும் நாலு கொத்து வையுங்கள்" என்றாய். அம்மா சட்டென்று பேச்சை மாற்றி, அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டாள். நீ கவனித்தாயோ என்னவோ. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றேதான். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ கல்லூரிக்குக் கிளம்பிப் போன மாதம்தான் அதை நட்டோம். வீடு காலியாகக் கிடந்தது, கையும் சும்மா இருக்கவில்லை. நர்சரிக்கு நான் தேடிப் போனது சிவப்புச் சதை உள்ள சாதாரண கிரேப்ஃப்ரூட். அங்கே இருந்த பெரியவர், "கசப்பு வேண்டாம் என்றால் இதை எடுத்துப் போங்கள்" என்று மூலையில் தனியாக நின்ற ஓர் ஒட்டுக்கன்றைக் காட்டினார். பெயர் ஓரோபிளாங்கோ. ஸ்பானிய மொழியில் வெள்ளைத் தங்கம் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், அது கலிஃபோர்னியாவில் நம் ரிவர்சைடிலேயே பிறந்த பிள்ளை! இங்கே பல்கலைக்கழகத்தில் சூஸ்ட், கேமரூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1958இல் செய்த கலப்பு. அதை வெளியே கொடுத்தது 1980இல். ஒரு பழத்துக்காக 22 வருஷம் பொறுத்திருக்கிறார்கள்.

அதன் தாய் யார் தெரியுமா? புளிப்பே இல்லாத ஒரு பம்பளிமாஸ். கும்பகோணத்தில் தாத்தா வீட்டுக் கொல்லையில் ஒரு பம்பளிமாஸ் மரம் இருந்தது என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். தாத்தா தோலைக் கீறி, சுளை சுளையாக உரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தருவார். தாய் பம்பளிமாஸ் என்று படித்ததுமே இந்த மரம் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது. தகப்பன் வெள்ளைச் சதை கிரேப்ஃப்ரூட், ஆனால் குரோமோசோம் இரட்டிப்பான மரம். தாய் கொடுத்த குரோமோசோம் 9, தகப்பன் கொடுத்தது 18, ஆக மொத்தம் 27. மூன்று தொகுதியாக நிற்பதால் சரிபாதியாகப் பிரிய வழியில்லை. அதனால்தான் பழத்தில் கொட்டையே இருப்பதில்லை. கொட்டை இல்லை என்றால் விதை போட்டு வளர்க்க முடியாது, ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். உலகத்தில் எங்கே ஓரோபிளாங்கோ நின்றாலும் அது இங்கே நின்ற அந்த ஒரே மரத்தின் கிளைதான். இஸ்ரேலில் இதையே ஸ்வீட்டி என்று விற்கிறார்கள்.

ஒட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூன்றாவது வருஷம் நான் பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு போத்து கிளம்பி, மேலே இருந்ததைவிட வேகமாக, கொழுகொழுவென்று வளர்ந்தது. மரத்துக்குத் தெம்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அதற்குக் குச்சி கூட நட்டுக் கட்டினேன். ஒரு நாள் காலையில் அம்மா காபி டம்ளரோடு வந்து குனிந்து பார்த்து, "இந்த இலை வேற மாதிரி இருக்கே" என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். மேலே உள்ள இலை அகலமாக, காம்பில் சின்னதாக ஒரு இறக்கையோடு ஒற்றை இலையாக இருக்கிறது. இந்தப் போத்தில் ஒரே காம்பில் மூன்று இலை, வில்வம் மாதிரி. அதன் நீள முள்ளும் வேறு. அது ஒட்டுக்குக் கீழே இருந்த வேர்ச்செடி. இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் அதுவே மரமாகி, நம்முடையது செத்திருக்கும். தண்டோடு ஒட்ட வெட்டினேன். அதிலிருந்து மாதம் ஒரு தடவை முழங்காலிட்டு அடித்தண்டைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

மற்றபடி அது அதிகம் படுத்தவில்லை. இலைக்குள் கோடு கோடாகச் சுரங்கம் போடும் பூச்சி கோடையில் வரும், தானாகப் போகும். தண்டு வெயிலில் வெடிக்காமல் இருக்க, வெள்ளை பெயிண்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பூசினேன். தண்ணீர் தினம் கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, நாள் விட்டு ஆழமாக. சாண்டா அனா காற்று அடிக்கும் நாளில்தான் எனக்குத் தூக்கம் வராது. பாலைவனத்திலிருந்து இறங்கும் அந்தக் காற்று ஒரே இரவில் நாற்பது காயை உதிர்த்த வருஷமும் உண்டு.

முதல் காய்ப்பில் வந்த பழம் நன்றாக இல்லை. தோல் இரண்டு விரல் தடிமன், உள்ளே சக்கை. நான் தின்ற ஓரோபிளாங்கோ அது ஒன்றுதான். மரத்துக்கு வயதாக ஆகத் தோல் மெலிந்து சாறு ஏறும் என்றார்கள், அப்படியே ஆயிற்று. ஆனால் நல்ல பழம் வந்த அதே வருஷம்தான் எனக்கு ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள். பார்மசியில் தந்த புட்டியில் சின்னதாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்: இதோடு கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இது சும்மா சொல்கிற பத்தியம் இல்லை. 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி என்பவரும் கூட இருந்தவர்களும் ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை மதுவோடு சோதித்தார்கள். மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பாராமல் ஏறியது. சாராயம் காரணமில்லை, பழம்தான் காரணம் என்று அப்புறம் தெரிந்தது. குடலில் சில மருந்துகளை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது, பழத்தில் உள்ள பொருள் அந்த நொதியைக் கெடுத்துவிடும். பிறகு ஒரு மாத்திரை பல மாத்திரை மாதிரி வேலை செய்யும். காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் பலிக்காது, ஒரு நாளுக்கு மேல் அந்த விளைவு நிற்கும். ஓரோபிளாங்கோவிலும் அதே பொருள் உண்டு, பம்பளிமாஸிலும் உண்டு. நீ வேறு எந்த மாத்திரை எடுத்துக்கொண்டாலும் பழத்தில் கை வைக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

ஆக, வளர்ப்பது நான், சாப்பிடுவது அம்மா. ஒவ்வொரு வருஷமும் முதல் பழத்தை நான்தான் உரிப்பேன். அம்மா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

மூன்று மில்லிமீட்டர் இருக்கும் ஒரு பூச்சி, பெயர் ஆசிய சில்லிட். துளிரில் உட்கார்ந்தால் தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தைச் சாய்வாகத் தூக்கி நிற்கும். அது 2008இல் கலிஃபோர்னியாவுக்கு வந்தது. மரத்துக்கு மரம் ஒரு நோயைக் கொண்டு போகும். சீனத்தில் அதை ஹுவாங்லாங்பிங் என்பார்கள், மஞ்சள் டிராகன் நோய் என்று பொருள். இலை ஒரு பக்கம் மஞ்சளிக்கும், காய் கோணலாகிக் கசக்கும், சில வருஷத்தில் மரம் போய்விடும். மருந்து கிடையாது. ஃபுளோரிடாவில் 2005இல் கண்டார்கள், அங்கே எத்தனையோ தோப்புகள் போயே போய்விட்டன. 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வந்தது. 2017இல் நம் ஊருக்கே வந்துவிட்டது. இங்கே முதலில் அகப்பட்டது யாரோ ஒருவர் வீட்டு கிரேப்ஃப்ரூட் மரம்தான். மக்னோலியா சாலையில் உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போய்க் காட்டினேனே, 1873இல் எலைசா டிபெட்ஸ் நட்ட நேவல் ஆரஞ்சு மரம்? அதைக்கூட இப்போது வலைக் கூடாரத்துக்குள் வைத்துக் காக்கிறார்கள்.

அந்தப் பூச்சிக்கு எலுமிச்சை, ஆரஞ்சைப் போலவே பிடித்த இன்னொரு செடி நம் கறிவேப்பிலை. கறிவேப்பிலைக்கு நோயால் கெடுதல் இல்லை. ஆனால் அதன் கொழுந்தில் பூச்சி முட்டை வைத்துப் பெருகும்.

நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கண்ணு. சமையலறை ஜன்னலை ஒட்டி நின்ற நம் செடியின் நுனிக் கொழுந்து, இன்னும் விரியாமல் கை குவித்த மாதிரி இருந்தது. பிரித்தால் உள்ளே மஞ்சளாக, பாதாம் வடிவில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் முட்டைகள். பக்கத்தில் தட்டையான குஞ்சுகள், அவற்றின் பின்னால் வெள்ளை மெழுகு சுருள் சுருளாக, நூல் மாதிரி. நம் ஓரோபிளாங்கோவுக்கும் அதற்கும் நடுவே பன்னிரண்டு அடிகூட இல்லை.

பூச்சிமருந்து அடிக்கலாம் என்றார்கள். குழம்பில் போடும் இலையில் எப்படி அடிப்பது? இரண்டு நாள் நானும் அம்மாவும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் அம்மாதான், "வெட்டிடுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எலுமிச்சையும் இருக்கு" என்றாள். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு இலை பறித்த செடி அது. வெட்டியதை இரட்டைப் பையில் போட்டுக் கட்டி வைத்தோம். அன்றைக்கு ரசத்துக்குத் தாளிக்கும்போது எண்ணெய் வெடித்தது, இலை போடும் சத்தம் வரவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றாள். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. நீ வந்தபோதெல்லாம் கடையில் வாங்கியதைப் போட்டுச் சமாளித்தோம். உன்னிடம் மறைத்தது தப்புதான்.

பழத்தை அனுப்ப முடியாததும் அதே காரணத்தால்தான். நம் வீடு குவாரன்டைன் எல்லைக்குள் இருக்கிறது. வீட்டு மரத்துப் பழத்தை வீட்டிலேயே சாப்பிட வேண்டும், எல்லை தாண்டி எடுத்துப் போகக் கூடாது. இலையும் காம்பும் அதைவிட ஆபத்து. நீ இருக்கும் மினசோட்டாவில் எலுமிச்சைத் தோப்பு எங்கே இருக்கிறது என்று நீ கேட்பாய். பெட்டி அங்கே போய்ச் சேரும்வரை எந்தெந்த ஊர் வழியாகப் போகும் என்று நினைத்துப் பார். யாரும் பார்க்கப் போவதில்லை என்று அனுப்ப எனக்கு மனசு வராது.

அதனால் நீ வா. ஆரஞ்சு வகைப் பழங்கள் பறித்த பின் பழுப்பதில்லை, மரத்தில் இருந்தால் மாதக் கணக்கில் கெடாமல் நிற்கும். தோல் இப்போது பச்சைதான், பழுத்தாலும் முழு மஞ்சளாகாது. அதைப் பார்த்து ஏமாறாதே. ஜனவரியில் இனிப்பு நன்றாக ஏறிவிடும், பிப்ரவரி என்றாலும் சரி. மேலேயும் கீழேயும் சீவிவிட்டுத் தடித் தோலைக் கத்தியால் கீறி எடு. சுளையைச் சுற்றி இருக்கும் மெல்லிய தோலில் கசப்பு உண்டு, அதையும் உரித்துவிட வேண்டும். தாத்தா பம்பளிமாஸுக்குச் செய்வது போலத்தான்.

நீ சின்ன வயதிலிருந்தே எதைத் தின்றாலும் அதைப் பற்றி விடாமல் பேசுவாய். இந்தப் பழத்தைத் தின்றுவிட்டு எனக்கு அப்படிச் சொல்ல வேண்டும். தேன் மாதிரியா, கரும்புச் சாறு மாதிரியா, கடைசியில் நாக்கில் துளி கசப்பு நிற்கிறதா, தாத்தா வீட்டுப் பழத்தின் வாசனை வருகிறதா, எல்லாம்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். கிழக்குப் பக்கம் தாழ்ந்த கிளையில் காற்றுக்கு மறைவாக ஐந்து காய் இருக்கிறது. அம்மாவின் பழைய புடவைக் கரையைக் கிழித்து அந்தக் கிளையில் கட்டி வைத்திருக்கிறேன். அந்த ஐந்தில் நாங்கள் கை வைக்க மாட்டோம்.

அன்புடன்,
அப்பா