முன்னால் போகிறவர் கையசைக்க வேண்டாம்

குழுவாக பைக்கில் கிளம்பும்போது முதல் வண்டியில் போகும் நண்பர்களுக்கு,

வணக்கம். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். இருவழி கிராமத்துச் சாலையில் ஒரு லாரியையோ டிராக்டரையோ முந்திப் போன பிறகு, இடக்கையைத் தூக்கி "வா, வா" என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டுகிறீர்கள் அல்லவா, அதை நிறுத்திவிடுங்கள்.

நல்லெண்ணத்தில் காட்டுவதுதான். நானும் பல வருடம் காட்டியிருக்கிறேன். ஒருநாள் மூன்றாவது வண்டியாகப் போக நேர்ந்தபோதுதான் அந்தச் சைகை பின்னால் இருப்பவனை என்ன செய்கிறது என்று தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த இருவரும் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டரைக் கடந்துவிட்டார்கள். முதலில் போனவர் கையசைத்தார். எதிரே பார்த்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுத்தாயா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், ஆமாம் என்று சத்தியம் செய்திருப்பேன். உண்மையில் நான் பார்த்தது அவர் கையைத்தான். பாதி கடந்திருப்பேன், சாலை தாழ்ந்து எழும் இடத்திலிருந்து ஒரு கார் மேலேறி வந்தது. அதை ஓட்டி வந்தவர் ஓரத்து மண்ணில் இறங்கி வழிவிட்டார். ஹாரன்கூட அடிக்கவில்லை, அதற்கு நேரம் இல்லை.

கையசைத்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் பார்த்தபோது சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கை உயர்ந்து, நான் அதைக் கவனித்து, கியரை இறக்கி, வண்டியை வெளியே எடுப்பதற்குள் மூன்று வினாடியாவது போயிருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் நானும் அதே வேகத்தில் எதிரே ஒரு காரும் வந்தால், எங்களுக்கு நடுவே இருக்கும் தூரம் வினாடிக்கு 44 மீட்டர் குறைகிறது. மூன்று வினாடியில் 130 மீட்டர் காலி.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். லாரி 60-இல் போகிறது, நீங்கள் 80-இல் முந்துகிறீர்கள். லாரியின் நீளம் 18 மீட்டர், பின்னால் 20 மீட்டர், கடந்த பிறகு முன்னால் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், லாரியைவிட 58 மீட்டர் அதிகமாக ஓட வேண்டும். வேக வித்தியாசமோ வினாடிக்கு ஐந்தரை மீட்டர்தான். பத்து வினாடிக்கு மேல் எதிர்த்தடத்தில் இருப்பீர்கள். அதற்குள் நீங்கள் 230 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 80-இல் வருகிறவரும் 230 மீட்டர் வந்திருப்பார். கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வெற்றுச் சாலை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். ஏறி இறங்கி வளையும் சாலையில் அது எத்தனை இடத்தில் தெரியும்?

"என் வண்டி சட்டென்று பிக்கப் எடுக்கும்" என்பீர்கள். சரி, 100-இல் போனால் ஐந்து வினாடி போதும். ஆனால் மூன்றாவதாக வருகிறவர் சின்ன என்ஜினில், பின்னால் ஒரு ஆளையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறார். உங்கள் கைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

டிராக்டர் விஷயம் தனி. வயலுக்கோ பக்கத்து மண்பாதைக்கோ திரும்பப் போகிறவர் கண்ணாடியில் பார்க்கிறார், ஒரு பைக் கடந்து போகிறது. அத்தோடு முடிந்தது என்று நினைத்துத் திருப்புகிறார். இரண்டாவது பைக் அவர் கணக்கிலேயே இல்லை. பின்விளக்கில் சேறு அப்பியிருக்கும், இல்லையென்றால் வைக்கோல் மறைத்திருக்கும். சில ஓட்டுநர்கள் "நீ முந்திக்கோ" என்பதற்கும் இண்டிகேட்டர் போடுகிறார்கள், தாங்கள் திரும்புவதற்கும் அதையே போடுகிறார்கள். காரணமே இல்லாமல் ஒரு வண்டி வேகம் குறைந்தால் அது திரும்பப் போகிறது என்றே எடுத்துக்கொள்வது என் வழக்கம். பல தடவை ஏமாந்து சும்மா பின்னாலேயே போயிருக்கிறேன். பரவாயில்லை.

கடந்து முடித்த பிறகு நீங்கள் செய்யும் ஒரு காரியம் கையசைப்பதைவிட மோசம். கண்ணாடியில் எங்களைத் தேடிக்கொண்டே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுகிறீர்கள். நீங்கள் மெதுவானால் லாரிக்கு முன்னால் இருக்கும் இடம் சுருங்கிவிடும். பின்னால் வருகிறவர் எதிர்த்தடத்தில் இருக்கிறார், உள்ளே வர இடமில்லை. அவர் இறங்க வேண்டிய இடத்தில் நீங்கள் நின்று அவருக்காகக் காத்திருக்கிறீர்கள்! முந்தி முடித்ததும் அதே வேகத்தில் கொஞ்ச தூரம் போய்விடுங்கள். எங்களை அப்புறம் தேடலாம்.

1968-இல் உருவான வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, முந்துகிறவர் எதிர்த்தடம் போதுமான தூரத்துக்குக் காலியாக இருக்கிறதா என்று தானே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறது. தானே என்பதுதான் விஷயம். முன்னால் போன நண்பர் பார்த்துச் சொன்னார் என்பது அதில் செல்லாது.

ஆனாலும் பின்னால் வருகிறவர் ஏன் கையை நம்புகிறார்? விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான். வழி தெரியாது, குழுவில் புதியவர், "ஸ்லோ ஆளு" என்று பெயர் வாங்கக் கூடாது. அதனால் லாரியின் பின்பலகையை ஒட்டிக்கொண்டு, எதுவும் தெரியாத இடத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். பின்வாங்கி இடைவெளி விட்டால் சாலை முழுக்கத் தெரியும், ஆனால் பின்வாங்கினால் குழு போய்விடும். இந்தப் பயத்தைப் போக்க உங்களால்தான் முடியும். கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: சாலை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கடைசி வண்டி வரும்வரை நிற்பேன், யாரும் துரத்த வேண்டாம். சொன்னபடி நிற்கவும் வேண்டும். ஒருமுறை நிற்காமல் போனால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

லாரிக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர் 60-இல் போனால் பத்து நிமிடம். 80-இல் போனால் ஏழரை. குழுவில் ஒருவர் கையுறையைத் தேடி எடுக்கவே அந்த இரண்டரை நிமிடம் போய்விடுகிறது.

வருகிற ஞாயிறு நம் பயணத்தில் நான் நான்காவது வண்டி. பழக்க தோஷத்தில் நீங்கள் கையசைத்தாலும் நான் வரமாட்டேன். அடுத்த பிரிவில் நில்லுங்கள், வந்து சேர்கிறேன்.

இப்படிக்கு,
முன்பு கையசைத்துக்கொண்டிருந்த ஒருவன்