பரணில் இருப்பதை எடைக்குப் போடாதே

நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒருவழியாக டாக்டரிடம் போனாயே, அதுவே பெரிய விஷயம். இங்கே எல்லாரும் சௌக்கியம். மருமகள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை வீடு என் வசம்.

பரணில் கிடக்கும் லேப்டாப்பைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். போடாதே. நான் இதை எதில் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறாய்? நாம் இரண்டு பேரும் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்த காலத்தில் வாங்கினேனே, அதே கறுப்பு ஐபிஎம்தான். திங்க்பேட் டி42. 2004 மாடல். அடுத்த வருஷமே ஐபிஎம் அந்தத் தொழிலை லெனோவோவுக்கு விற்றுவிட்டது. அதனால் மூடியில் மூன்று எழுத்து முத்திரை இன்னும் இருக்கிற கடைசிச் சில வகைகளில் இதுவும் ஒன்று. கரண்ட் போனால் மேலே ஒரு குட்டி விளக்கை எரியவிட்டு அச்சுப்படி பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அது இன்னும் எரிகிறது.

மகன் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பும் இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன், வேகமானது, எடை இல்லாதது. ஆனால் அதன் விசைகளில் அடித்தால் அடித்ததே தெரியவில்லை. நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறவளுக்கு விரல் இறங்கி ஏற வேண்டும். அதற்காகத்தான் பழையதை உயிர்ப்பிக்கலாம் என்று இறங்கினேன். முதலில் காட்டிய கடையில் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மியூசியத்துல குடுங்க மேடம்" என்று சிரித்தார்கள். சரி என்று கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கே போனேன்.

இப்போது மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் மட்டும் உட்காரும் கடை. அங்கிருந்த பையன், "ஐடிஇ ஹார்டு டிஸ்க்கா ஆன்ட்டி? அதெல்லாம் இப்ப யாரு கேக்குறாங்க" என்றான். பின்னால் இருந்த பெரியவர் பேசாமல் ஒரு பிஸ்கட் டப்பாவை இழுத்துத் திறந்தார். உள்ளே முழுக்கப் பழைய ராம் (நினைவகம்) கட்டைகள். இந்த மெஷினுக்கு வேண்டியது முதல் தலைமுறை டிடிஆர். அதைவிடப் புதியது எதுவும் உள்ளே நுழையாது. கட்டையின் விளிம்பில் உள்ள பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். ஒரு ஜிபி கட்டைகள் இரண்டு. மொத்தம் 2 ஜிபி, அதற்கு மேல் இது ஏற்காது. இன்றைய கணக்குக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் வாங்கும்போது 512 எம்பி இருந்ததே, அதோடு ஒப்பிட்டால் மாளிகை.

டிஸ்க் விஷயம் இன்னும் சுவாரசியம். இதில் இருப்பது அந்தப் பையன் சொன்ன ஐடிஇ, 44 ஊசி உள்ள பழைய இணைப்பு. அதற்கு நேராகப் பொருந்தும் எஸ்எஸ்டி, அதாவது உள்ளே சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க், கிடைப்பது அரிது. எம்சாட்டா என்ற சின்ன வகை எஸ்எஸ்டியை வாங்கி, அதை 44 ஊசிக்கு மாற்றித் தரும் தட்டில் பொருத்தினால் போதும். டிஸ்க்கை மாற்ற மெஷினைப் பிரிக்கவே வேண்டாம். அடியில் ஒரு திருகு. ஒரு ரூபாய்க் காசை வைத்தே திருப்பலாம். பக்கவாட்டில் அப்படியே உருவி வந்துவிடும். முன்பு ஆன் செய்துவிட்டு டீ போடப் போவேன். இப்போது அந்தக் கரகர சத்தமும் இல்லை, டீ போடும் நேரமும் இல்லை.

வைஃபைதான் நிஜமான வேலை. இதில் முதலில் இருந்த கார்டு 11 மெகாபிட் வகை. அதை மாற்ற விசைப்பலகையையும் கை வைக்கும் பலகையையும் தூக்க வேண்டும். ஒரு விஷயம் எனக்கு முன்பே படித்துத் தெரிந்திருந்தது: அந்தக் கால திங்க்பேட்களில், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்ற மென்பொருள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் இல்லாத கார்டை உள்ளே செருகினால் 1802 என்று பிழை எண்ணைக் காட்டி, மேற்கொண்டு கிளம்பாமல் நின்றுவிடும். கார்டும் மூடிக்குள் ஓடும் ஆன்டெனாவும் சேர்த்துத்தான் அமெரிக்க ரேடியோ விதிகளின்படி அனுமதி வாங்கியது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பட்டியல் உள்ளே செருகும் கார்டுக்கு மட்டும்தான், வெளியே செருகும் யுஎஸ்பி வைஃபை குச்சிக்குக் கிடையாது. அந்த வழி சுலபம். ஆனால் பக்கவாட்டில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் பேரன் உடைத்துவிடுவான். அதனால் பெரியவரிடமே சொல்லிவைத்து, ஐபிஎம் எண் அச்சடித்த இன்டெல் 2200பிஜி கார்டு ஒன்றை வாங்கினேன். பழையதுதான், சல்லிசான விலை.

கார்டை மாட்டுவது எளிது, அந்த இரண்டு ஆன்டெனா வயர்களை மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். முனையில் கடுகளவு பித்தளைத் தொப்பி. நேராக வைத்து அழுத்தினால் டிக்கென்று உட்காரும். கொஞ்சம் சாய்ந்தாலும் வழுக்கி ஓடும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டு மாமி டார்ச் பிடிக்க, மாட்டி முடித்தேன். மாமி, "இதுக்குப் பேசாம ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைச்சிருக்கலாம்" என்றாள்.

இனி உள்ளே போடும் மென்பொருள். பழைய விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கை கழுவிவிட்டது. அதை வைத்துக்கொண்டு நெட்டுக்குப் போகக் கூடாது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடலாம், ஆனால் என்னுடையதைப் போன்ற பழைய 32 பிட் மெஷினுக்கான லினக்ஸும் அருகிவருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கு நிறுவியே கிடையாது. நான் போட்டது டெபியன் 12. இந்த இன்டெல் கார்டை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளைத் தனியாக, உரிமத்துக்குச் சம்மதம் சொல்லி நிறுவ வேண்டும். அதுவரை வைஃபை இருக்காது. அதனால் முதலில் நெட்வொர்க் கேபிளை மாட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும்.

அதற்குப் பிறகும் வீட்டு வைஃபையின் பெயரே திரையில் வரவில்லை. கார்டில் கோளாறு இல்லை. இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும். எங்கள் ரூட்டர் அந்தப் பெயரை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அதோடு ரூட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு. அது 2018இல் வந்தது. இந்தக் கார்டுக்குத் தெரிந்த சாவி 2004இன் டபிள்யூபிஏ2 வரைக்கும்தான். எனக்குத் தோன்றுவது இதுதான், மங்கை: பழைய மெஷின்கள் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது, வெளியே இருப்பவர்கள்தான் பூட்டை மாற்றிக்கொண்டே போகிறார்கள். அவர்கள் மாற்றுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. டபிள்யூஇபி என்று வைஃபைக்கு முதலில் ஒரு பூட்டு இருந்ததே, அதன் ஓட்டையை 2001இலேயே காட்டிவிட்டார்கள். யாராவது "பழைய லேப்டாப்புக்காக ரூட்டரை அந்த டபிள்யூஇபிக்கு மாற்று" என்றால் கேட்காதே. நான் ரூட்டரில் விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் தனியாகத் திறந்து, 2.4, டபிள்யூபிஏ2 என்று வைத்துவிட்டேன். வீட்டிலுள்ள மற்றவை பழையபடி புதிய பூட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

கூடவே உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியையும் மாற்றிவிட்டேன். 2032 எண், வயர் ஒட்டியது. அது செத்துப்போனால் மெஷின் தேதியை மறந்துவிடும். தேதி பல வருஷம் பின்னால் இருந்தால், வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவேயில்லை என்று பிரவுசர் முடிவு கட்டி, ஒன்றையும் திறக்காது. நெட் போச்சு, வைஃபை போச்சு என்று ஊரெல்லாம் புலம்புவோம்; குற்றவாளி கடிகாரமாக இருக்கும்.

சரி, கிடைத்தது என்ன? எழுதலாம், அஞ்சல் அனுப்பலாம், விக்கிப்பீடியா படிக்கலாம். தமிழ்99 விசைப்பலகை அப்படியே வேலை செய்கிறது. பேங்க் வேலை இதில் செய்ய மாட்டேன். வீடியோவும் வேண்டாம், திக்கித் திணறும். குரோம் 2016இலேயே 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது, ஆனால் அவர்களும் விடைபெறத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் சில வருஷம் கழித்து நெட்டுக்கு உதவாமல் போனாலும், தட்டச்சுக்கு உதவும். எனக்கு அது போதும்.

இதெல்லாம் இருக்கட்டும், உனக்குச் சொல்ல வேண்டியது இது. பழைய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேபிளில் மாட்டிக் கோப்புகளை எடுத்தேன். திறந்தால் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகள் வரிசை வரிசையாக. எல்லாம் யூனிகோடுக்கு முன்பு புழங்கிய திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டில் அடித்தவை. பிறகுதான் தெரிந்தது, லினக்ஸில் ஐகான்வ் என்ற கட்டளைக்குத் திஸ்கி தெரியுமாம். ஒரு வரி அடித்தேன், கோப்பு யூனிகோடு ஆகிவிட்டது. ஒற்றைக்கொம்பு, துணைக்கால் எல்லாம் அதனதன் இடத்தில். டிடிபி வேலைக்கு வந்தவை வேறு எழுத்துருக்களில் இருக்கின்றன, அவை இதற்கு மசியவில்லை. ஆனால் உன் அம்மா சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்ட, தேங்காய்ப்பாலில் செய்யும் சொதிக் குழம்பின் குறிப்பு கிடைத்துவிட்டது. அவர் சொன்னபடியே இருக்கிறது: "மூணாம் பால்ல காயை வேக வை. முதப் பால் விட்டப்பெறவு கொதிக்க விட்டியோ, திரிஞ்சு போகும் பாத்துக்கோ." கடைசியில் எலுமிச்சம்பழம், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி என்பது வரை விடாமல் சொல்லியிருக்கிறார். தனியாக இணைத்து அனுப்புகிறேன், உன் மருமகளிடமும் கொடு.

இப்போது உன் லேப்டாப். நீ 2009இல் வாங்கியதாக எழுதியிருந்தாய். அப்படியென்றால் என்னுடையதைவிட உனக்கு வேலை சுலபம். அடியிலோ விசைப்பலகைக்குப் பக்கத்திலோ கோர் 2 டுவோ என்று ஸ்டிக்கர் இருக்கிறதா பார். இருந்தால் அது 64 பிட். இன்றைய லினக்ஸே ஓடும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பொருந்தும். பரணிலிருந்து இறக்கியதும் சார்ஜில் போட்டுவிடாதே. முதலில் பேட்டரியைக் கழற்றிப் பார். உப்பியிருந்தால் தனியே வை, குத்தாதே, குப்பையிலும் போடாதே. மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். அடாப்டர் அதனுடையதுதானா என்று வோல்டேஜைப் பார்த்துக்கொள். என்னுடையதற்கு 16 வோல்ட், டி60 போன்ற பிந்தைய திங்க்பேட்களுக்கு 20. கையில் கிடைத்ததை மாட்டினால் வம்பு.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறோம். பாளையங்கோட்டையில் இரண்டு நாள் இருப்பேன், ஸ்க்ரூடிரைவரோடு. அதற்குள் ஸ்டிக்கரையும் உங்கள் ரூட்டரின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடு, வேண்டியதை ரிச்சி தெருவிலேயே வாங்கி வந்துவிடுகிறேன். பாஸ்வேர்டு அச்சடித்த இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொள். உன் வீட்டுக்காரரை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா